வரம்பை நகர்த்துகிறவர் பற்றிய விதி

கியோத்தோவில் நான் படிக்கும் பௌத்தப் பல்கலைக்கழகத்தில், புதிதாகச் சந்திக்கிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "உங்கள் கோயில் எது?" இங்கே துறவிகள் மணம் முடிக்கிறார்கள், கோயில் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருகிறது. என் வகுப்பில் பலர் அப்படிக் கோயிலைப் பொறுப்பேற்கப் படிப்பவர்கள். அலுவலகப் பெண் கேட்டபோது, இலங்கையில், கல்முனையில் வாப்பாவுக்கு வயல் இருக்கிறது என்று அரைகுறை ஜப்பானிய மொழியில் சொன்னேன். "கோயில் வயலா?" என்றார் மரியாதையாக. எங்கள் வயல் என்று கொஞ்சம் அழுத்தியே சொல்லிவிட்டேன். பாவம், அந்தச் சொல்லுக்காகத்தான் நான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

நற்பிட்டிமுனைக்கு அப்பால் இருக்கும் அந்த வயலில், நான் சட்டம் படிக்க ஆயத்தமான வருடம், சிலர் வந்து எல்லைக் கட்டைகளை நட்டார்கள். பழைய பௌத்த விகாரை நிலமாம். அவர்களில் ஒரு பிக்கு, பௌத்த நூல்களின் மொழியான பாளியில் ஏதோ ஓதினார். வாப்பா வயல் வரம்பில் நின்று கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தார். "அவங்க ஓதினது என்னெண்டு நம்மள்ல ஒருத்தருக்கும் தெரியா மகள்" என்றார். நான் சட்டத்தை விட்டுவிட்டுப் பாளிக்குப் போனேன். கடைத்தெருவில் வாப்பாவை மறித்துக் கேட்டிருக்கிறார்கள்: "மகள் அவங்கட பன்சலைக்கு ஓதப் போறாவாமே?"

"ஓம். நமக்கு முன்னால ஓதினத்த நாமளும் விளங்கத்தானே வேணும்" என்றாராம்.

வருடங்கள் கழித்து, துறவிகளின் ஒழுக்க விதிகளில் அந்த வயலைக் கண்டேன். பிறர் வயலைக் கவர்வதற்காகக் கட்டையையோ கயிற்றையோ வேலியையோ வரம்பையோ நகர்த்துகிறவர் துறவியாக இருக்கும் தகுதியையே இழக்கிறார். நூலகத்தில் எழுந்து நின்றுவிட்டேன். கருத்தரங்கில் அதைப் பற்றியே பேசினேன். அதை நடத்தியவர்கள் முன்பே தலைப்பை மென்மையாக்கச் சொன்னார்கள், மறுத்தேன். பேசி முடித்ததும், இலங்கையிலிருந்து வந்திருந்த ஒரு பிக்கு சிங்களத்தில் கேட்டார்.

"தங்கச்சி, எங்கள் புத்த சாசனத்தில் குற்றம் தேடவா படிக்கிறீர்கள்?"

"இல்லை ஹாமுதுருவனே. எது குற்றம் என்று உங்கள் சாசனமே சொல்கிறது. நான் வாசித்தேன், அவ்வளவுதான்."

"தியானம் பற்றி ஆராயலாமே. சண்டை இல்லாத விடயம்."

"எங்கள் வயலில் யாரும் தியானத்தை நடவில்லை. கட்டையைத்தான் நட்டார்கள்."

அவர் என் பிரதியை வாங்கி, நின்றபடியே வாசித்தார். "மொழிபெயர்ப்பில் பிழையில்லை" என்று மட்டும் சொல்லித் திருப்பித் தந்தார்.

அந்தப் பகுதியைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி வாப்பாவுக்கு அனுப்பினேன். பக்கத்து வயல்காரர்களைக் கூட்டிக்கொண்டு விகாரைக்கே போய்க் கொடுத்திருக்கிறார். கட்டைகள் இன்னும் நிற்கின்றன. வயல் பற்றிய வழக்கும் நீதிமன்றத்தில் முடியவில்லை. ஊரில் இதை வாசிப்பவர்களே, பாளி நமக்கெதற்கு என்று இனியும் கேட்காதீர்கள். நம்மைப் பற்றி எந்த மொழியில் பேசினாலும் அது நமக்கும் உரிய மொழிதான்.

பெரும்போக நெல் விதைப்பு தொடங்கியதும் வாப்பா தொலைபேசியில் அழைத்தார். பின்னால் உழவு மெசின் இரைந்தது.

"கட்டைக்கு அங்காலயும் உழுறம் மகள். விகாரை ஹாமுதுரு வந்து பார்த்தாரு. மறிக்கல்ல, நிண்டுட்டுப் போயிட்டாரு."

"நீங்க நிப்பாட்டாதீங்க வாப்பா."

அப்போது மண்டபத்தில் சக மாணவர்கள் பாளியில் சூத்திரம் ஓதத் தொடங்கினார்கள். ஒவ்வொரு சொல்லும் எனக்கு விளங்கியது. ஒரு காதில் அந்த ஓதல், மறுகாதில் எங்கள் மண்ணைப் புரட்டும் இரைச்சல். மண்டபக் கதவைச் சாத்தவும் மனமில்லை, அழைப்பைத் துண்டிக்கவும் மனமில்லை. நடைக்கூடத்தில் அப்படியே நின்றேன்.