கன்னி மூலையில் சன்னல் திறந்த நர்ஸம்மா

சரோஜா நர்ஸம்மா போய்விட்டார் என்ற சேதியைச் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். வாங்கின டீயை அப்படியே வைத்துவிட்டு, அவர் ஊரான வல்லத்துக்குப் போகும் பஸ்ஸை ஓடிப் பிடித்தேன். எண்பத்தைந்து வயதில் ஓட்டம்! அந்த அம்மா பார்த்திருந்தால், "இந்த நெஞ்சா அன்னிக்கு இழுத்துக்கிட்டுக் கெடந்தது?" என்று சிரித்திருப்பார்.

அவர் கால் படாத வீடு இந்தப் பக்கம் குறைவு. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

அறுபதுகளில் எனக்கு டி.பி. வந்தது. வீட்டில் மூன்று மாதப் பெண் குழந்தை. அதற்கு ஒட்டிவிடக் கூடாதென்று என் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்தோம். ஆனால் காற்று பட்டால் இருமல் ஏறும் என்று கதவைச் சாத்திக்கொண்டு, சன்னலே இல்லாத ஒற்றை அறையில் எல்லோரும் ஒன்றாகப் படுத்தோம்!

உள்ளே வந்த நர்ஸம்மா தலையில் அடித்துக்கொண்டார். "தட்டைப் பிரிச்சீங்க, மூச்சைப் பிரிச்சீங்களா? இவன் இருமுறதைத்தான அந்தக் கொழந்தை இழுக்குது!"

சன்னல் வைக்கலாமென்றால், கதவுப் பக்கம் போக மற்றப் பக்கமெல்லாம் அடுத்த வீட்டுச் சுவர்கள். திறக்க முடிந்தது தென்மேற்கு மட்டும்தான்.

"அது கன்னி மூலைம்மா. ஓட்டை போட்டா குடும்பம் தங்காது" என்றார் எங்கள் நைனா.

"மூலை தங்கிட்டு, கொழந்தை போனா பரவால்லியா நைனா?"

நர்ஸம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்கள் வீட்டுக் கடப்பாரையை எடுத்தார். மூன்றாவது இடியில் நைனாவே, "இப்டிக் குடும்மா, வூடே வுழுந்துடப் போவுது" என்று பிடுங்கிக்கொண்டார். மண்சுவர் திறந்தது. கோட்டை மலை தெரிந்தது. காற்று குபுகுபுவென்று வந்தது!

என் படுக்கை தாழ்வாரத்துக்குப் போனது. குழந்தைக்குத் தடுப்பூசி போட வைத்தார். எனக்கு உத்தரவு: "வாயில துண்டை வச்சு இருமு. மூடி போட்ட டப்பாவுல துப்பி, நெருப்புல போடு. இருமல் நின்னுதேன்னு மாத்திரையை நிறுத்தின, கடப்பாரையோட வருவேன்."

சில மாதம் கழித்து இதே பஸ் ஸ்டாண்டில், கிளம்பிவிட்ட பஸ்ஸிலிருந்து ஒரு கத்தல்: "முருகேசா! சளியில கிருமி இல்லப்பா! கொழந்தைக்கும் ஒண்ணுமில்ல!"

ஊருக்கே மறைத்த வியாதி. மொத்த பஸ்ஸும் என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கமே வரவில்லை. தலையிலிருந்த மல்லாட்டை மூட்டையை, அத்தனை வேர்க்கடலையையும், போட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடினேன்.

"அப்போ மாத்திரைய நிறுத்திடலாமாம்மா?"

"நிறுத்தின, கடப்பாரை!"

பிறகு வீட்டை மாற்றிக் கட்டும்போது, அந்தச் சன்னலை அடைக்கச் சொன்னார் மேஸ்திரி. நான் விடவில்லை. அதுவும் கடப்பாரையும் இன்றும் என்னிடம் இருக்கின்றன. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, அந்தச் சன்னலடியில் உட்கார்ந்து எழுதுகிறாள் என் மகள் மல்லிகா. அன்று அவளுக்குத்தான் மூன்று மாதம்.