பக்‌ஷாட் அட்டை

ஆங்கிலச் சொற்கள் பிறந்த கதைகளை அட்டைகளில் எழுதிச் சேர்ப்பதில் என் கணவருக்குப் பைத்தியம். அரியலூரில் ஆங்கில ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எழுதியதை நான் பெரிய அகராதியோடு ஒப்பிட்டு ஓரத்தில் டிக் அடிப்பேன். அதற்குப் பிறகுதான் அட்டை பெட்டிக்குள் போகும். அந்த வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே அதிகாரம் அது.

பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு போயிற்று. பெரம்பலூர் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த பிறகு, எதைக் கேட்டாலும் வெறித்துப் பார்ப்பார், அவ்வளவுதான். அரும்பாவூரிலிருந்து வந்த கொழுந்தனார் அட்டைப் பெட்டிகளைச் சாக்கில் போடத் தொடங்கிவிட்டார்.

"அண்ணனுக்கு நெனப்பே தப்பிப் போச்சு அண்ணி. இதெல்லாம் பழைய பேப்பருக்குப் போட்டுட்டு, வூட்டக் காலி பண்ணிட்டு எங்களோட வந்துடுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு வாரம் பொறுங்க தம்பி" என்றேன்.

அன்றிலிருந்து தினமும் ஒரு கட்டு அட்டையை அவருக்குப் படித்துக் காட்டினேன். ஆறு நாளும் ஒன்றும் நடக்கவில்லை. நான் விடவில்லை.

ஏழாம் நாள் கொழுந்தனார் வந்து உட்கார்ந்திருந்தபோது 'பக்‌ஷாட்' அட்டை வந்தது. துப்பாக்கித் தோட்டாவுக்குள் இருக்கும் பெரிய ஈய உருண்டைகளுக்கு அந்தப் பெயர். என் கணவர் பக்கவாதத்தில் விழுந்த அன்று தலைப்போடு நின்றுபோன அட்டை அது. மீதியை நானே எழுதியிருந்தேன்: பக் என்றால் ஆண் மான், மானைச் சுடும் குண்டு என்பதால் வந்த பெயர். இதற்குப் போய் அகராதி எதற்கு என்று திறக்காமலே டிக்கும் அடித்துவிட்டேன்.

படித்ததும் அவர் வேகமாகத் தலையசைத்து மறுத்தார். இடது கையால் தன் நெஞ்சைத் தொட்டார், ஜன்னல் வழியே தெருக்கோடித் தண்ணீர் டேங்கைக் காட்டினார். மறுபடி நெஞ்சு, மறுபடி டேங்க்.

"தண்ணி கேக்கறாரு" என்றார் கொழுந்தனார். டம்ளரை நீட்டினேன். தட்டிவிட்டார். அவர் கோபப்பட்டு எத்தனை நாளாயிற்று!

ஓடிப்போய் அகராதியைத் திறந்தேன். குண்டு என்ற அர்த்தம் பின்னால் வந்ததாம். அதற்குப் பல காலம் முன்பே, ஒரு மானைச் சுடக்கூடிய தொலைவைத்தான் பக்‌ஷாட் என்றிருக்கிறார்கள்.

இங்கிருந்து அதுவரை. தொலைவைக் காட்டியிருக்கிறார்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துடைத்துக்கொண்டு கொழுந்தனாரிடம் திரும்பினேன்.

"நாங்க எங்கயும் வரல தம்பி. உங்க அண்ணன் இன்னும் என் தப்பத் திருத்தறாரு."