ஹேமா அக்கா கிழித்துப் போட்ட சீட்டுகள்

நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். இறந்தவர்களைப் பற்றி நல்லதை மட்டும்தான் எழுத வேண்டும் என்கிறாள் அம்மா. நம் குடியிருப்பு ஹேமா அக்காவைப் பற்றி என்னிடம் நல்லது மட்டும்தான் இருக்கிறது. நம்மைப் பற்றித்தான் அப்படிச் சொல்ல முடியவில்லை.

நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு வங்காளிச் சித்தி, மௌசுமி காக்கிமா வந்து வாசலிலேயே நின்றார். "உங்கள் ஹேமா போய்விட்டாள்" என்று வங்காளியில் சொன்னார். டெங்குக் காய்ச்சல். பெஹாலாவில் நம் குடியிருப்பில் இத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருந்தும், ஆஸ்பத்திரியில் அக்காவுடன் இருந்தவர் அந்தக் காக்கிமாதான். அதனால் "உங்கள்" என்ற சொல் எனக்குக் குத்தியது.

சால்ட் லேக்கில், கணினி வழித் திருட்டைத் தடுக்கும் ஒரு கம்பெனியில் அக்கா வேலை பார்த்தார். மக்களின் நம்பிக்கையைப் பெறுவதற்காகக் குடியிருப்புகளில் கூட்டம் நடத்தச் சொல்லிக் கம்பெனி அவரை அனுப்பியது. நம் ஹாலில் நடந்த முதல் கூட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். எல்லோருக்கும் சீட்டு கொடுத்து, "பாஸ்வேர்டு பலமா இருக்கான்னு பார்க்கணும், எழுதிக் கொடுங்க" என்றார். எல்லோரும் எழுதிக் கொடுத்தீர்கள். அவர் ஒன்றைக்கூடப் பிரிக்காமல் அத்தனையையும் கிழித்துப் போட்டுவிட்டுச் சிரித்தார்.

"நீ நம்ம பொண்ணும்மா. உனக்குக் கொடுக்காம யாருக்குக் கொடுக்கப்போறோம்?" என்றார் ராஜகோபால் மாமா.

"நானே கேட்டாலும் கொடுக்கக் கூடாது மாமா. இன்னிக்குப் பாடமே அதுதான்."

கம்பெனிக்கு அந்தப் பாடம் போதவில்லை. அக்காவின் படத்தையும் பெயரையும் பெரிதாக அச்சடித்து, 'ஹேமா இருக்கிறார், கவலை வேண்டாம்' என்று எல்லாக் குடியிருப்புகளிலும் ஒட்டியது. அக்கா மேனேஜரிடம் எவ்வளவோ சொல்லிப் பார்த்திருக்கிறார். "என் முகத்தை நம்பச் சொன்னா, நாளைக்கு என் பேரைச் சொல்லிக்கிட்டு வர்றவனையும் நம்புவாங்க" என்று எங்கள் வீட்டில் உட்கார்ந்து புலம்பினார்.

அப்படியே நடந்தது. "ஹேமா மேடம் ஆபீஸ்லேருந்து பேசறேன்" என்று ஒருவன் மாமாவுக்குப் போன் செய்தான். மாமா பாஸ்வேர்டைச் சொன்னார். வங்கிக் கணக்கில் ஒன்றும் மிஞ்சவில்லை.

"எப்படி மாமா கொடுத்தீங்க?" என்று அக்கா கேட்டபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"தமிழ்ல பேசினானேம்மா!" என்றார் மாமா. பஸ்ஸிலும் கடையிலும் நாள் முழுவதும் வங்காளியும் இந்தியும் கேட்டுவிட்டு வருகிறோம். நம் மொழியில் ஒரு குரல் வந்தால் சொந்தக்காரன் என்றே நினைத்துவிடுகிறோம்.

மற்ற குடியிருப்புகளை எச்சரிக்க வேண்டும் என்று அக்கா கேட்டார். விஷயம் வெளியே தெரிந்தால் கம்பெனியை யார் நம்புவார்கள் என்று மேனேஜர் மறுத்துவிட்டார். போஸ்டர்களை மட்டும் சத்தமில்லாமல் கிழித்தார்கள். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக வீடு வீடாகப் போனார். "யார் கூப்பிட்டாலும் போனை வெச்சுட்டு, உங்ககிட்ட இருக்கிற நம்பர்ல நீங்களே திரும்பக் கூப்பிடுங்க" என்பார். கார்டன் ரீச் குடியிருப்பில் கதவைத் திறந்து கேட்டார்களாம். நம் குடியிருப்பில் திறக்கவில்லை. "அந்தத் திருட்டுல அவளுக்கும் பங்கு இருக்கும்" என்று மாடிப்படியில் பேசிக்கொண்டார்கள். நவராத்திரிக்கு ஒரு வீட்டிலும் அவரைத் தாம்பூலத்துக்குக் கூப்பிடவில்லை. எங்கள் வீட்டிலும்தான்.

நேற்று அதே ஹாலில் இரங்கல் கூட்டம். "நம்ம வீட்டுப் பொண்ணு" என்று சொல்லி மாமா அழுதார். கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர் மாலையோடு வந்திருந்தார். நம்பிக்கையின் மறுபெயர் ஹேமா என்று நல்ல தமிழில் பேசினார். பிறகு, கம்பெனி எல்லோருக்கும் அனுதாபக் கடிதம் அனுப்பும் என்று சொல்லி ஒரு தாளைச் சுற்றுக்கு விட்டார். பெயர், போன் நம்பர், மின்னஞ்சல், பிறந்த தேதி. மாமாதான் முதலில் எழுதினார்.

தாள் எங்களிடம் வந்தபோது நான் எழுந்து, "சார், நீங்க கம்பெனிதான்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "எந்த இடத்தில என்னடி கேள்வி?"

அவர் புன்னகைத்தார். தாளை எங்களிடமிருந்து வாங்கி நீட்டினார். தாள் அடுத்த வரிசைக்குப் போனது.

அக்கா விட்டுப்போனதில் நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தக் கேள்வி ஒன்றைத்தான். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கழுத்துப்பட்டிக்காரர் கிளம்பினார். நாற்காலிகளை அடுக்கினார்கள். ஹாலின் விளக்குகளை அணைத்தார்கள்.