அவர் தண்ணீர் கேட்ட காலை

என் வீட்டுக்காரர் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டார். நாள் முழுக்க அரை டம்ளர். "குடிச்சா மூத்திரம் வரும். வந்தா நீதான் தொடைக்கணும். வேணாம், விடு." சொல்லிவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வார். திரும்புவது தலையும் தோளும் மட்டும்தான். மற்றதை நான்தான் திருப்ப வேண்டும். பிரியமானவர்களே, நான் சாட்சி சொல்ல வந்திருப்பது அந்த நாட்களைப் பற்றித்தான்.

அவர் பெயர் சவரிநாதன், பெயின்டர். இந்தப் புதுச்சேரியில் எத்தனையோ மஞ்சள் சுவர்கள் அவர் கை பட்டவை. இரண்டு வருடம் முன்பு, ஈஸ்டர் முடிந்த இரண்டாம் வாரம், சாரக் கயிறு நழுவி மாடி உயரத்திலிருந்து மல்லாந்து விழுந்தார். கூட இருந்தவர்கள் பதறிக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி, ஆட்டோவில் மடக்கி உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். பாசத்தில் செய்ததுதான். முதுகில் அடிபட்டவரை அசைக்காமல் பலகையில் கிடத்த வேண்டும் என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

"நடு முதுகுல எலும்பு நொறுங்கி, உள்ள இருக்கிற தண்டுவடத்தை நசுக்கிடுச்சும்மா. நடப்பாரான்னு இப்ப சொல்ல முடியாது" என்றார் டாக்டர். எனக்கு ஒரே செபம்தான். நடக்க வையும். பாத்திரம் தேய்க்கும்போது நடக்க வையும். உணர்ச்சியில்லாத உள்ளங்காலுக்கு எண்ணெய் தடவும்போது நடக்க வையும்.

விழுந்த ஐந்தாம் மாதம், தெருவிலுள்ள கத்தோலிக்கக் குடும்பங்கள் வீட்டுக்கு வீடு கூடும் அன்பியக் கூட்டம் எங்கள் வீட்டு முறை. தெருக்காரர்கள் கூடிச் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். செபமாலையின் மூன்றாவது பத்து மணிகளை உருட்டும்போது போர்வைக்குள் அவர் வலது கால் துள்ளியது. முழங்கால் மடங்கி, நீண்டு, மறுபடியும் மடங்கியது.

முதலில் கத்தியது நான்தான். "கால் ஆடுது! லூர்தக்கா, கால் ஆடுது!"

அல்லேலூயாவில் வீடே அதிர்ந்தது. எங்கள் அன்பியத்தை நடத்தும் லூர்தக்கா அழுதுகொண்டே, "விசுவாசம் இருந்தா நிப்பாருடி, தூக்குங்க" என்றார்.

"வேணாம், கால்ல எனக்கு ஒண்ணும் தெரியல" என்றார் இவர். யார் கேட்டோம்? நாலு பேர் தூக்கி நிறுத்தினோம். ஒரு மூச்சு நேரம் நின்றார். பிறகு கொடியறுந்த ஈரப்புடவையாக மடிந்து விழுந்தார்.

மறுநாள் உடம்பு துடைக்கும்போதுதான் பார்த்தேன். கணுக்கால் புசுபுசுவென்று வீங்கியிருந்தது. எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பில் விரிசல்.

"வலிக்கலையாங்க?"

"வலிச்சா நடந்துடுவேனே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்குப் பிறகுதான் தண்ணீரை நிறுத்தினார்.

ஒரே வாரத்தில் குளிர்காய்ச்சல். மூத்திரத்தில் கிருமி, ரத்தத்துக்கும் பரவுது என்றார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில், என் செபம் முதன்முறையாக மாறியது. 'ஆண்டவரே, நடக்க வேண்டாம். அவர் இருக்கட்டும். தண்ணி குடிக்கட்டும், அது போதும்.' இவ்வளவு சின்னதாக நான் எதையும் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் காலை, காய்ச்சல் கொஞ்சம் விட்டிருந்தது. வார்டுக்குள் ஒரு சக்கர நாற்காலி வந்தது. தள்ள ஆள் இல்லை. உட்கார்ந்திருந்தவரே ஓட்டிக்கொண்டு வந்தார். நெற்றியில் திருநீறு. பக்கத்துக் கடற்கரை ஊரான பிள்ளைச்சாவடியைச் சேர்ந்த கண்ணன். படகைக் கரையேற்றும்போது முதுகு உடைந்து ஒன்பது வருடம் ஆகிறதாம். பிசியோ பார்க்கும் அம்மா சொல்லி வந்திருந்தார்.

"அண்ணா, கால் துள்ளுதா?"

இவர் போர்வையை இழுத்துக் காலை மூடினார்.

"எனக்கும் துள்ளும். ஊசி போட வந்த சிஸ்டரையே ஒதைச்சிட்டேன். நல்லா இருக்கிறவன் நடிக்கிறான்னு ஊரே பேசுச்சு."

இவர் உதடு அசைந்தது. "எங்க வீட்ல அல்லேலூயா சொன்னாங்க."

கண்ணன் சிரித்த சிரிப்பில் வார்டே திரும்பிப் பார்த்தது. இவரும் சிரித்தார். இது வேறு சிரிப்பு.

"மூளை சொல்லி ஆடுற கால் இல்லண்ணா அது. அடிபட்ட எடத்துக்குக் கீழ நரம்பு தானா சொடுக்குது. சரி, தண்ணி ஏன் குடிக்கல? குடிக்கலன்னா கிருமிதான் குடித்தனம் வரும். நேரம் பாத்து நீங்களே டியூப் போட்டு மூத்திரத்தை எடுத்துக்கலாம், சிஸ்டர் சொல்லித் தருவாங்க. யாரும் தொடைக்க வேணாம். நான் அப்படித்தான் மீன் ஏலத்துக்குப் போறேன்."

"நானேவா?"

"பின்ன, நானா வந்து போடுவேன்?"

இவர் என் பக்கம் கையை நீட்டினார். "அந்தத் தண்ணிய எடு" என்றார்.

முழு டம்ளர். அவர் தொண்டை ஏறி இறங்குவதையே, நற்கருணை வாங்குகிறவரைப் பார்ப்பது போலப் பார்த்தேன்.

போகும்போது கண்ணன் கேட்டார்: "அக்கா, நீங்க எப்ப தூங்குனீங்க?" அதுவரை யாரும் என்னைக் கேட்காத கேள்வி. நின்றபடியே அழுதேன்.

இவர் இன்னும் நடக்கவில்லை. பெயின்ட் கடையில் உட்கார்ந்து கலர் கலக்கிக் கொடுக்கிறார். படுக்கையில் இரண்டு மணிக்கொரு தரம் புரள்வது, கண்ணாடி வைத்து முதுகில் புண் இருக்கிறதா என்று பார்ப்பது, மரத்த காலுக்குச் சுடச்சுட ஒத்தடம் கூடாது என்பது, எல்லாம் கண்ணன் போன்றவர்கள் கற்றுக்கொடுத்தது. லூர்தக்கா வந்து, "தப்புப் பண்ணிட்டேன் தம்பி" என்று கையைப் பிடித்தார். "விடுக்கா, ஒரு செகண்டு நின்னேன்ல" என்றார் இவர். இப்போது வாரம் இரண்டு மத்தியானம் அக்கா வந்து இவரைப் பார்த்துக்கொள்கிறார். நான் தூங்குகிறேன். என் செபத்துக்கு வந்த பதிலில் அந்தத் தூக்கமும் சேர்த்தி. ஆண்டவருக்கு நன்றி.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் படுத்திருக்கலாம். கேளுங்கள், பெரிதாகவும் கேளுங்கள், சின்னதாகவும் கேளுங்கள். ஆண்டவர் யாரை அனுப்பினாலும் உள்ளே விடுங்கள். அடுத்த கூட்டம் எங்கள் வீட்டில். சக்கர நாற்காலியோடு வரலாம். பார்த்துக்கொள்கிறவர்களே, நீங்கள் முதலில் வாருங்கள். உங்களுக்குப் பாய் போட்டு வைக்கிறேன். எழுந்த பிறகு செபம் சொல்லிக்கொள்ளலாம்.