மழையை நிறுத்தும் மிளகாயும் பன்னிரண்டு மில்லிமீட்டரும்

மலேசியாவில் கிள்ளான் ஆற்றுப் பாலத்துக்காகத்தான் பொறியாளராக என் முதல் சொந்தக் கணக்கைப் போட்டேன். பாலத்தைத் தாங்கும் நீண்ட இரும்பு கர்டரை நடுவில் சற்று மேடாகவே செய்து ஏற்றுவோம். மேலே காங்கிரீட் கொட்டினால் அந்தப் பாரத்தில் மேடு தாழ்ந்து மட்டமாகிவிடும். எவ்வளவு தாழும் என்று முன்கூட்டியே சொல்வது என் வேலை. நாற்பது மில்லிமீட்டர் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தேன்.

கொட்டும் நாளன்று விடிந்ததும் அளவெடுத்தோம். அதற்குள் ஃபோர்மன் அண்ணன் ஓர் ஈர்க்குச்சியில் மிளகாயும் வெங்காயமும் குத்திக் கரையோரம் நட்டுவிட்டார். கல்யாண வீட்டில் மழை வராமலிருக்கச் செய்யும் வித்தையை எங்கள் ஆட்கள் காங்கிரீட்டுக்கும் செய்வார்கள். எனக்கு அதைக் கண்டாலே எரிச்சல்.

பதினொரு மணிக்குக் கொட்டி முடித்து அளந்தால், இருபத்தெட்டுதான் தாழ்ந்திருந்தது. நடுவில் இன்னும் பன்னிரண்டு மில்லிமீட்டர் மேடு மிச்சம்.

"நடுவுல வழிச்சு எடுத்து மட்டமாக்கிடலாம் மேடம்," என்றார் தள மேலாளர். "இறுகிட்டா அப்புறம் உடைக்கணும் லா."

வழித்தால் நடுவில் தளம் மெலிந்துவிடும். என் கணக்குத் தப்பு என்று ஊரறிய ஒப்புக்கொண்டதாகவும் ஆகும். கீழே இறங்கி கர்டரைத் தொட்டுப் பார்த்தேன். மேல்பக்கம் சுட்டது, ஆற்றைப் பார்த்த அடிப்பக்கம் குளிர்ந்திருந்தது. வெயிலில் மேல்பக்கம் மட்டும் விரிந்து முதுகைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. விடியற்காலை அளவையும் உச்சிவெயில் அளவையும் ஒப்பிட்ட புத்திசாலி நான்தான்.

"சூடு தணியட்டும் பாஸ். ரெண்டு மணி வரைக்கும் டைம் குடுங்க."

அவர் அரைமனதாகத் தலையாட்டினார். ஒரு மழை பெய்தால் கர்டர் சட்டென்று குளிர்ந்துவிடும், ஆனால் வானத்தில் ஒரு மேகத்தையும் காணோம். வந்த ஆத்திரத்தில் கரைக்குப் போய் அந்தக் குச்சியைப் பிடுங்கிப் பையில் போட்டேன். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் மழைக்குக் குறுக்கே எதுவும் இருக்க வேண்டாமே என்று பட்டது.

ஒரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாயை இழுத்து மூட எல்லாரும் ஓட, நான் மட்டும் நனைந்தபடி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். மழை விட்டதும் அளந்தோம். முப்பத்தொன்பது. குறைந்த அந்த ஒரு மில்லிமீட்டரைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

ஃபோர்மன் கரையில் நின்று குச்சியைத் தேடிக்கொண்டிருந்தார். வெட்கத்தோடு எடுத்து நீட்டினேன்.

"நான்தான் பிடுங்கினேன் அண்ணே."

வாங்கி ஈரத்தை உதறினார். அடுத்த கர்டருக்கு, கர்டர் குளிர்ந்திருக்கும் நேரத்தில் மட்டுமே அளக்க வேண்டும் என்று தாளில் எழுதியிருந்தேன். அதற்குக் காங்கிரீட் கொட்டும் நாளில் குச்சியை நட்ட கையோடு அவர் என்னிடம் வந்தார்.

"இதை எத்தனை மணிக்குப் பிடுங்கணும்னு உங்க தாள்லயே எழுதிடுங்க மேடம்."