உப்பா, புரதமா?

ஈப்போவில் நாங்கள் வேலை செய்த ஆய்வுக்கூடத்தை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, உருளைக்கிழங்குக் கறி அடைத்துப் பொரித்த கறிபாப்தான். யாருக்காவது புரதப் படிகம் கிடைத்தால் மாடி முழுக்கக் கறிபாப் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அந்த நாட்களுக்கு இன்றும் ஏங்குகிறேன்.

ஒருமுறை நானும் வாங்கிக் கொடுத்தேன். பளபளவென்றிருந்த என் படிகம், எக்ஸ்ரேயில் வெறும் உப்பு என்று தெரிந்தது. அதற்குள் எல்லாரும் தின்று முடித்திருந்தார்கள். மானம் போனது. அதன்பிறகு எவன் படிகம் காட்டினாலும் என் வாயில் வரும் முதல் வார்த்தை ‘உப்பு’தான்.

பக்கத்து மேசைக்காரன், பத்து காஜா என்ற ஊர்ப் பக்கம், ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டுவிட்ட ஒரு தோட்டத்திலிருந்து வந்தவன். என் வயதுதான். மச்சான் என்றே கூப்பிட்டுக்கொள்வோம். மூன்று வருஷமாக ஒரு ஈஸ்ட் நொதியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். ஒரு மருந்துப் பொருள் வலது கை, இடது கை போல இரண்டு வடிவங்களில் உருவாகலாம். அந்த நொதியோ ஒன்றை மட்டும்தான் உருவாக்கும். ஏன் என்று தெரிய அதன் அமைப்பைப் பார்க்க வேண்டும். அதற்கு அந்த நொதிப் புரதத்தின் படிகம் வேண்டும். அவனுடைய ஆராய்ச்சிப் படிப்பின் தவணை அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. படிகம் இல்லையென்றால் பட்டமும் இல்லை.

கடைசி வாரத்தில், ஒரு துளியில், ஒரே ஒரு படிகம் வந்தது.

“உப்புலா மச்சான்,” என்றேன். சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

ஊசியால் அழுத்தினால் தெரிந்துவிடும். உப்பு நறுக்கென்று உடையும். புரதம் மெத்தென்று கலையும். பத்து இருந்தால் ஒன்றை நசுக்கலாம். இருந்ததோ ஒன்று. அப்படியே எக்ஸ்ரேக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றான். நான் விடவில்லை.

“உப்ப அனுப்பிட்டு மாடியே சிரிக்கணுமா? நான் பட்டது போதாதா?”

“என் படிகத்த நானே நசுக்க மாட்டேன். நீயே பாரு மச்சான்,” என்று ஊசியை நீட்டினான்.

அழுத்தினேன். சத்தமே இல்லை. குழைந்த சோறு மாதிரி கலைந்தது.

“புரதம்லா மச்சான்!” என்று குதித்தான். அத்தனை சந்தோஷம். அரை நிமிஷம் கழித்துத்தான் அவன் முகம் மாறியது. இன்னொன்று வளர மூன்று வாரமாவது ஆகும். அவன் என்னைத் திட்டவில்லை. மாதக் கடைசியில் மேசையைத் துடைத்து வைத்துவிட்டுப் போனான். பத்து காஜாவில் டியூஷன் நடத்துகிறான் என்று கேள்விப்பட்டேன்.

ஒரு வருஷம் கழித்து, அவன் நோட்டிலிருந்த அதே கலவையில் எனக்குப் படிகங்கள் வந்தன. அமைப்பும் கிடைத்தது. கட்டுரையில் அவன் பெயரை முதலில் போடவைத்தேன். அது ஈடாகாது என்று எனக்கே தெரியும். கட்டுரை வெளிவந்த அன்றுதான் அவனுக்கு ஃபோன் செய்யத் துணிவு வந்தது.

“நொதிக்குள்ள இருக்கிற குழியில ஒரு அமினோ அமிலம் துருத்திக்கிட்டு இருக்கு மச்சான். மூலக்கூறு திரும்பிப் படுக்க இடமே இல்ல, அதான் ஒரே வடிவம் வருது.”

“அதானே பார்த்தேன்,” என்றான். குரலில் பழைய உற்சாகம்.

“என்னை மன்னிச்சிரு. என் மேல கோவமாத்தான் இருப்ப.”

“ஒன் மேல என்னா கோவம்? ஊசிய நீட்டுனது நாந்தானே. நீ வருவன்னு பார்த்துக்கிட்டு இருந்தேன்லா. வரவே இல்ல.”

ஈப்போவிலிருந்து பத்து காஜா அரைமணி நேரம். அந்த ஒரு வருஷமும் நான் அந்தப் பக்கமே போகாமல் இருந்தேன்.