காய்ந்த கல், நனைந்த கல்

கண்டியில் இருக்கும் ஒரு கட்டட அலுவலகத்துக்கு நான் வீட்டிலிருந்தே வேலை செய்துகொண்டிருந்தேன். வீடு என்றால் நோர்வூட்டுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வீட்டு வரிசையில், ஒரு காம்பரா. முன்னால் திண்ணை மாதிரி ஓர் இஸ்தோப்பு, பின்னால் சமைக்கிற குசினி. அம்மா கொழுந்து பறிக்கப் போன பிறகு, கட்டிலுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டரைத் திறந்து உட்காருவேன். இன்னும் கட்டாத கட்டடத்தையும், இடிந்து கிடக்கும் பழைய கட்டடத்தையும் நிஜம் போலப் படமாக்கிக் கொடுப்பது என் வேலை.

அந்தத் தடவை வந்தது ஒரு பழைய அம்பலம். அந்தக் காலத்தில் வழிப்போக்கர்கள் தங்கிப் போன மண்டபம். ஓட்டுக் கூரை, மரத் தூண்கள், கீழே கருங்கல் மேடை. யாரோ எப்போதோ அந்த மேடைக்குச் சீமெந்து பூசி மறைத்துவிட்டிருந்தார்கள். பூச்சை உரித்தால் எப்படி இருக்கும் என்று நான் காட்ட வேண்டும்.

முதலில் இணையத்தில் கிடைத்த ஒரு கல் படத்தை எடுத்து ஒட்டி அனுப்பினேன். என் மேலதிகாரியான அலுவலகத்து சேர் போன் எடுத்து, சிங்களத்தில், "கல் எங்கே? இது குளிக்கிற சவுக்காரக் கட்டி மாதிரி இருக்கிறது" என்றார். அவர் சொன்னது சரிதான். நாலு கல்லுக்கு ஒரு தடவை அதே கறை, அதே கீறல் வந்தது. நிஜக் கல் அப்படி இருக்காது. ஒன்றின் மூலை தேய்ந்திருக்கும், இன்னொன்றின் அடியில் பாசி இருக்கும், மழை வடிந்த கோடு ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மாதிரி இறங்கியிருக்கும்.

அப்படிப்பட்ட கல் எங்கள் லயத்துக்குப் பின்னாலேயே இருந்தது. மலையைத் தாங்கி நிற்கிற கல் சுவர். இரண்டு ஆள் உயரம். அதற்கு மேலே தேயிலை. குசினிகளுக்கும் சுவருக்கும் நடுவில் தண்ணீர் போகிற ஒரு கான் மட்டும் ஓடும். வெயில் இல்லாத ஒரு காலையில், கல்லில் நிழல் விழாதபோது, அதைப் படம் எடுத்தேன். இரண்டு அடிக்கு ஒரு தரம் கான் விளிம்பில் பெயின்டால் புள்ளி வைத்து, அந்தப் புள்ளிகளில் நின்று எடுத்தது மொத்தம் முப்பத்தாறு படம். அவற்றை ஒட்டி, திரும்பத் திரும்ப வருகிற கறைகளை அழித்து, மேடு எது பள்ளம் எது என்று தனியாக ஒரு சாம்பல் படமும் செய்தேன். இரண்டு நாள் போனது. சேருக்குப் பிடித்துவிட்டது. மழையில் அம்பலம் நனைவது போல இன்னொரு படம் வேண்டும், அதே கல்லை ஈரமாகக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

ஈரத்துக்கு என்ன குறை? மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் விடவில்லை. பதினோராம் நாள் காலை ஏழு மணிக்குக் கொஞ்சம் ஓய்ந்தது. குடையோடு பின்னால் போய், அதே புள்ளிகளில் நின்று, அதே முப்பத்தாறு படத்தையும் எடுத்தேன்.

பிறகு ஒவ்வொரு காய்ந்த படத்தின் மேலும் அதே இடத்து நனைந்த படத்தைப் பாதி தெரிகிற மாதிரி வைத்துப் பார்த்தேன். சுவரின் இரண்டு ஓரங்களிலும் கல்லோடு கல் சரியாகப் பொருந்தியது. நடுவில் பொருந்தவில்லை. கேமராவைக் கொஞ்சம் ஏற்றிப் பிடித்திருப்பேன் என்று நினைத்து, நடுவில் எடுத்த அடுத்த படத்தை வைத்தேன். அதிலும் அப்படியே. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தேன். நடுவில் இருந்த கற்கள் நனைந்த படத்தில் பெரிதாக இருந்தன.

கல் வளராது. நான் கிட்டே போய் எடுத்திருந்தால் பெரிதாகத் தெரியும். ஆனால் நான் நின்றது பெயின்ட் புள்ளியில். அப்படியென்றால் கல்தான் என்னிடம் வந்திருக்கிறது.

 அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். திரும்பிக் குசினிப் பக்கம் பார்த்தேன், மறுபடியும் திரையைப் பார்த்தேன். அப்போதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. மலைத் தண்ணீர் வடிவதற்காகச் சுவரில் அங்கங்கே ஓட்டைகள் விட்டிருந்தார்கள். காய்ந்த படத்தில் எல்லா ஓட்டைக்குக் கீழும் ஈரக் கோடு இருந்தது. பத்து நாள் மழைக்குப் பிறகு எடுத்த படத்தில் ஒன்றிலிருந்தும் தண்ணீர் வரவில்லை. அவ்வளவு தண்ணீரும் சுவருக்குப் பின்னால் நிற்கிறது.

பன்னிரண்டு மணிக்கு அம்மா சாப்பிட வந்தார்.

"அம்மா, பின்பக்கச் செவுரு முன்னுக்குத் தள்ளியிருக்கு."

சிரிப்பார் என்று நினைத்தேன். மழைக்கு நனையாமல் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியை அவிழ்த்தபடியே நின்றார். "குசினிக் கதவ மூணு நாளா சாத்த முடியல புள்ள. மழைக்கு மரம் ஊதியிருக்குன்னு நெனச்சேன். தரையிலயும் ஒரு வெடிப்பு. சீமெந்து பூசி வச்சேன்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ பயப்படுவ."

தோட்ட ஆபீசுக்குப் போன் எடுத்தேன். நாளைக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார்கள். பிறகு தொழிலாளர்களுக்காகத் தோட்டத்து மேலாளரான துரையிடம் பேசுகிற தலைவரிடம் போனேன். அவருடைய காம்பரா லயத்தின் கடைசியில் இருந்தது. இரண்டு படங்களையும் போனில் மாற்றி மாற்றிக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகத்தான் பார்த்தார்.

"கம்ப்யூட்டர்ல என்னத்த வேணும்னாலும் காட்டலாம்தானே பாப்பா. போன மாசம் இல்லாத கட்டடத்த இருக்கிற மாதிரி நீதான காட்டுன. நாங்களும் நம்பிட்டோம்."

 என் தொழிலே அதுதானே?

"அப்ப செவுருகிட்ட வாங்க" என்றேன்.

கானுக்குக் குறுக்கே, எங்கள் குசினி அடித்தளத்துக்கும் சுவருக்கும் நடுவில் சரியாக நிற்கிற அளவுக்கு ஒரு பலகைத் துண்டை அவரையே வெட்டிவிடச் சொன்னேன். ஒற்றை விரலால் தள்ளினால் ஆடுகிற மாதிரி அதைத் தளர்வாக வைத்தார். சுவர் நகர்ந்தால் அது இறுகும், மூன்று மணிக்கு வந்து பார்ப்போம் என்றேன். அப்போது மணி ஒன்று. மழை மறுபடியும் தொடங்கியிருந்தது.

அந்த இரண்டு மணி நேரத்தைப் போல ஒரு நேரம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, அம்மாவின் தோடு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு இஸ்தோப்பில் உட்கார்ந்திருந்தேன். கூரைத் தகரத்தில் விழுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து நின்றேன். அம்மா அன்று மத்தியானம் வேலைக்குப் போகவில்லை. எனக்குச் சோறு போட்டு வைத்தார்.

மூன்று மணிக்குத் தலைவர் வந்து பலகையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. காலை ஊன்றிக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்தார். பலகை அசையவில்லை, அதன் நடுவில் லேசான வளைவு விழுந்திருந்தது. கையை எடுத்துவிட்டு அவர் என்னைப் பார்த்த பார்வையில்தான் என் பயம் முழுதாக வந்தது. அதுவரை நான் தப்பாகப் பார்த்திருக்கலாம் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன்.

"எல்லாரையும் கோயில் மண்டபத்துக்குப் போகச் சொல்லு" என்று சொல்லிவிட்டு, அவரே முதல் கதவைத் தட்ட ஓடினார்.

எட்டுக் குடும்பம். பக்கத்துக் காம்பரா அக்காவுக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள்தான். "பச்சப்புள்ளய இந்த மழையில எப்புடி தூக்கிட்டு வாறது? நீங்க போங்க" என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அம்மா உள்ளே போய், பிள்ளையைப் போர்வையில் சுற்றி, தன் படங்கால் மூடி எடுத்துக்கொண்டு மழையில் விடுவிடுவென்று இறங்கினார். அக்கா கத்திக்கொண்டே பின்னால் ஓடினார்.

நான் கம்ப்யூட்டரை எடுக்கத் திரும்பி உள்ளே போனேன். வயர்களைப் பிடுங்கும்போது குசினிக் கூரையில் யாரோ கைநிறைய மணலை அள்ளி எறிந்தது போலச் சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொரு தரம். படங்களைச் சேமித்து வைத்திருந்த சின்ன டிஸ்க்கை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டேன்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மேல் சுவர் இடிந்து வந்தது. லொறியிலிருந்து கல் கொட்டுகிற சத்தம், நிற்காமல். மண்டபத்திலிருந்து ஓடிப் போய்ப் பார்த்தபோது நடுவில் இருந்த மூன்று குசினிகளும் இல்லை. எங்கள் காம்பராவுக்குள் சேறும் கல்லும் புகுந்து, கட்டிலை முன்கதவு வரை தள்ளிக்கொண்டு வந்திருந்தன. கற்கள் புரண்டு கிடந்தன. இத்தனை காலம் மண்ணுக்குள் இருந்த பக்கம் பாசி ஏறாமல், இப்போதுதான் உடைத்தது போல மஞ்சளாக இருந்தது. வெளிப்பக்கம் தெரிந்த சில கற்களின் முகம் எனக்குத் தெரிந்தது. திரையில் ஒவ்வொன்றாகக் கறை துடைத்து எடுத்த கற்கள்தானே. அம்மா என் கையை விடவில்லை.

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதிகாரிகள் வந்து பார்த்து, லயத்தில் யாரும் இருக்கக் கூடாது என்று அறிவித்தல் ஒட்டினார்கள். அம்மாக்கள் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போன, தோட்டத்துப் பழைய பிள்ளைக் காம்பராவில் நாங்கள் இப்போது இருக்கிறோம். சேர் அலுவலகத்திலிருந்து ஒரு மடிக்கணினி அனுப்பினார். காய்ந்த கல் வைத்த அம்பலப் படத்தை முடித்துக் கொடுத்தேன். நனைந்த படத்தைச் செய்ய முடியாது என்று சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை.

அதற்குப் பிறகு தலைவர் என்னை மற்ற லயங்களுக்கும் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார். "நம்ம பாப்பா செவுர படம் எடுத்தே சொல்லிடும்" என்கிறார். நான் பொறியியலாளர் இல்லை, அதிகாரிகளைக் கூப்பிடுங்கள் என்று ஒவ்வொரு இடத்திலும் சொல்கிறேன். தலையாட்டிவிட்டு, "சரி, நீங்க என்னா சொல்றீங்க?" என்று என் வாயையே பார்க்கிறார்கள். நானுஓயாப் பக்கம் ஒரு லயத்தில் இரண்டு தடவை படம் எடுத்து, இரண்டும் பொருந்தியதால், "இப்போதைக்கு ஒன்னும் தெரியல" என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த 'இப்போதைக்கு' அவர்கள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. பதினைந்து பிள்ளைகள் இருக்கிற லயம். மழை இருட்டிக்கொண்டு வந்தாலே அங்கே போன் எடுத்து, சுவர் ஓட்டையில் தண்ணீர் வருகிறதா என்று கேட்கிறேன். பதில் வரும் வரைக்கும் என்னால் உட்கார முடிவதில்லை.